என் பெயரில் ஒரு கைதி

ஒசாகா
1992 நவம்பர் 24

அன்புள்ள கினுவே அக்காவுக்கு,

அங்கே முதல் பனி விழுந்துவிட்டதாகத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? கூரைப் பனியைத் தள்ள நீயே ஏணியில் ஏறாதே, ஆள் வை. உனக்கு ஐம்பத்தேழு வயது, குரங்குக்குட்டி இல்லை. இங்கே மனைவி, மகள், நான் மூவரும் சுகம். என் வலது தோள் மட்டும் சுகமில்லை. கத்தரிக்காய் நிறத்தில் வீங்கிக் கிடக்கிறது.

காரணத்தைச் சொன்னால் திட்டுவாய். திட்டு. எங்கள் குளிர்பெட்டிக் கம்பெனி இந்த வருஷச் சுற்றுலாவுக்குக் குவாம் தீவு என்று அறிவித்தது. இருபத்துமூன்று வருஷமாக ஏதாவது வயிற்றுவலி சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தவன், இந்த முறை முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். அப்பா செத்த மண்ணை ஒரு தடவையாவது மிதித்துவிட வேண்டும் என்றுதான்.

மூன்றாம் நாள் எல்லோரும் துப்பாக்கி சுடும் கூடத்துக்குப் போனார்கள். நம் நாட்டில் ஒருவன் துப்பாக்கியைக் கையில் எடுக்கவேண்டுமென்றால் போலீஸாக இருக்க வேண்டும், இல்லை ரவுடியாக இருக்க வேண்டும். அதனால் இங்கிருந்து போகிற அத்தனை பேருக்கும் அதில் அப்படி ஓர் ஆசை. கடற்கரைக் கடைகளுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. சுவர் முழுக்க யுத்த காலத்துத் துப்பாக்கிகள். எங்கள் பிரிவுத் தலைவர் கத்தோரி ஓர் அமெரிக்கக் கைத்துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் முறைத்துப் பார்த்தார். "சார், வயித்த உள்ள இழுத்துக்கிட்டு முறைங்க" என்றேன். கோபித்துக்கொண்டார்.

கடைசியில் பழுப்புக் கட்டையோடு ஒன்று தனியாகத் தொங்கியது. கொட்டகைக்காரர் விசென்தே, அந்தத் தீவுக்காரர், நம் மொழியைச் சுற்றுலாக்காரர்களிடம் கற்றுக்கொண்டு பேசுகிறார்.

"அது உங்க நாட்டுது. கிழவன். ஆனா இன்னும் கடிப்பான்" என்றார்.

ஐந்து தோட்டா. முதல் தடவை விசையை இழுத்ததும் கட்டை தோளில் உதைத்ததில் உட்கார்ந்தே விட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த நான்கும் காகித மனிதனின் நெஞ்சுக்குள் போயின. சொல்ல வெட்கமாக இருக்கிறது அக்கா, எனக்கு ஆனந்தமாக இருந்தது. அப்பா கையில் இருந்ததும் இதே மாதிரிதானே என்று நினைத்து அந்தச் சூடான இரும்பைத் தடவிப் பார்த்தேன். பேரரசரின் சாமந்தி முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் யாரோ சுரண்டிய தழும்புதான் இருந்தது.

"இது ஏன் இப்படி?" என்று கேட்டேன். விசென்தே, சுடுவதற்கு முன் நான் கையெழுத்துப் போட்ட தாளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உங்க பேரு தொமோகிச்சியா? நெசமாவா?" என்றார்.

அதற்குமேல் நடந்ததைத் தனியாக எழுதுகிறேன். தொலைபேசியில் பேசலாம் என்றால் அது அம்மாவின் தலைமாட்டில் இருக்கிறது. இப்போதைக்கு ஒரே ஒரு கேள்வி. எனக்கு இந்தப் பெயர் வைத்தது யார்? வீட்டுக்கு வெளியே அது யாருக்காவது தெரிந்திருக்குமா?

உடம்பைப் பார்த்துக்கொள்.
தம்பி தொமோகிச்சி


அவோமோரி
1992 டிசம்பர் 9

தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா முழங்காலுக்குச் சூடு வைத்துக்கொண்டு அதிகாரம் செய்கிறாள், அந்த அளவுக்கு நலம். பனி இடுப்பு வரைக்கும் வந்துவிட்டது. நான்தான் ஏணியில் ஏறினேன்.

அப்பா செத்த ஊர் என்று நீயே எழுதிவிட்டு, அங்கே போய்க் காகித மனிதனைச் சுட்டு ஆனந்தப்பட்டேன் என்றும் எழுத உனக்குக் கை கூசவில்லையா? நாற்பத்தெட்டு வயதுக்கு இது நல்ல விளையாட்டு. தோளுக்கு மெந்தால் தைலம் போடு.

பதில் தாமதமானதற்குக் காரணம், சலூன் கத்தரிக்கோல்களைச் சாணை பிடிக்க ஹகோதாத்தே போயிருந்தேன். வழக்கம்போல அம்மா ஒரு ஜாடி முள்ளங்கி ஊறுகாயைத் தலையில் கட்டிவிட்டாள். கடலுக்கு அடியில் ரயில் போகிற காலத்திலும் ஊறுகாய் ஜாடியைத் தூக்கிக்கொண்டுதான் போகவேண்டியிருக்கிறது.

பெயர் வைத்தது அப்பா. படையில் இருந்து வந்த கடைசிக் கடிதத்தில், ஆண் குழந்தை என்றால் தொமோகிச்சி என்று எழுதியிருந்தார். வீட்டில் இருந்தவர்களைத் தவிர யாரும் அதைப் பார்க்கவில்லை.

வருகிற ஆகஸ்ட் பத்தாம் தேதி, செத்த நாளையும் ஒன்றாக எண்ணினால் வருகிற ஐம்பதாவது திதிக்கு பிக்குவிடம் சொல்லிவிட்டேன். அதோடு அப்பாவின் பெயர்ப்பலகையை வீட்டுப் பூஜை மாடத்தில் இருந்து எடுத்துவிடுவார்கள். அதற்கப்புறம் அவர் தனி ஆள் இல்லை, பொதுவாக நம் முன்னோர். லீவு போட்டுவிட்டு வா.

அந்தக் கொட்டகைக்காரன் என்ன சொன்னான் என்று நான் கேட்கப் போவதில்லை. சுற்றுலா இடத்தில் ஆயிரம் சொல்வார்கள்.

உன் மனைவிக்கும் குழந்தைக்கும் என் ஆசிகள்.
கினுவே


ஒசாகா
1992 டிசம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

வருஷக் கடைசி வேலைகளில் இடுப்பை ஒடித்துக்கொள்ளாதே. அம்மாவுக்குக் கம்பளி முழங்கால் உறை இரண்டு தனியாக அனுப்பியிருக்கிறேன்.

நீ கேட்காவிட்டாலும் நான் சொல்லத்தான் போகிறேன். ஒரு மாதமாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

விசென்தே என்னை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்த தன் வீட்டுக்குப் போய் ஒரு புகைப்படத்தை எடுத்து வந்தார். அவருடைய அப்பா யுத்தத்தின்போது அமெரிக்கர்களோடு சேர்ந்து, காட்டில் பதுங்கியிருந்த நம் ஆட்களைத் தேடிப் பிடிக்கிற வேலை பார்த்தவராம். படத்தில் அவர் தொப்பியோடு சிரித்துக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் எலும்பும் தோலுமாக ஒரு கைதி.

அக்கா, அந்தக் கைதிக்கு என் முகம். ஏதோ சாயல் என்று சொல்லவில்லை. காலையில் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்க்கிறேனே, அதே முகம். எட்டிப் பார்த்த கத்தோரி சார், "யோவ் சவகுச்சி, நீ எப்பய்யா இப்படி இளைச்ச?" என்றார்.

படத்தின் பின்பக்கம் 'ஒகுதெரா தொமோகிச்சி, 1944 நவம்பர்' என்று எழுதியிருக்கிறது. ஒகுதெரா அம்மாவின் பிறந்தகத்துப் பெயர். தொமோகிச்சி நான். 1944 நவம்பரில் எனக்கு எட்டு மாதம், உன் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தேன்.

விசென்தே சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எங்கப்பா அடிக்கடி இந்தக் கதையச் சொல்வாரு. அந்தாளு துப்பாக்கியத் தலைகீழாத் தூக்கிக்கிட்டு வந்தான். சுட்டுடலாம்னுதான் இருந்தேன், ஆனா விரலெல்லாம் ஒரே ரத்தமா இருந்துச்சும்பாரு. மூணு நாளா பவளக்கல்ல வெச்சு அந்தப் பூவத் தேய்ச்சிருக்கான். பூ போனப்புறந்தான் வெளிய வந்தான். அதுதான் நீங்க இப்ப சுட்டது."

நான் சுட்டது அப்பாவின் துப்பாக்கி அக்கா. அதை வைத்துக்கொண்டு சிரித்து விளையாடியிருக்கிறேன்.

ஆகஸ்ட் பத்தாம் தேதி வீர மரணம் என்றுதானே நமக்குக் கடுதாசி வந்தது? அஸ்திப் பெட்டியில் ஒரு கூழாங்கல்தானே வந்தது? நவம்பரில் உயிரோடு நிற்கிறாரே, அப்புறம் எங்கே போனார்? படத்தின் நகலை இதில் வைத்திருக்கிறேன். அம்மா கண்ணில் பட வேண்டாம்.

சீக்கிரம் எழுது.
தொமோகிச்சி


அவோமோரி
1993 பிப்ரவரி 2

தம்பிக்கு,

அம்மா சுகம். நானும் சுகம். புத்தாண்டுக்குக் கடையில் நிற்க நேரமில்லாத கூட்டம், அதனால்தான் எழுதவில்லை.

ஒரே முகச்சாயலில் உலகத்தில் ஏழு பேர் உண்டு என்பார்கள். பட்டினி கிடந்த முகம் எல்லாமே ஒரே மாதிரிதான் இருக்கும். அந்தப் படத்தைக் கிழித்துப் போடு. திதிக்கு வரும்போது உன் கறுப்புக் கோட்டு பழசாகிவிட்டிருக்கும், புதிதாக ஒன்று தைத்துக்கொள்.

கினுவே


ஒசாகா
1993 மார்ச் 3

அக்காவுக்கு,

அம்மாவின் உடம்பைத் தொலைபேசியில் விசாரித்துக்கொண்டேன். நீ பக்கத்தில் இருந்தும் வந்து பேசவில்லை என்பதும் தெரிந்தது.

முகத்துக்கு ஏழு பேர், சரி. என் பெயருமா ஏழு பேருக்கு? வீட்டில் மட்டுமே தெரிந்த பெயர் அது என்று எழுதியவள் நீதானே? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாய் அக்கா. சோறு ஒரு கவளம்தான் இருக்கிறது.

விசென்தேக்கு எழுதிக் கேட்டேன். அங்கே உள்ள பழைய ஆட்களிடம் விசாரித்துப் பதில் போட்டிருக்கிறார். அந்தக் கைதி சாகவில்லை. இரண்டு வருஷம் முகாமில் இருந்து, 1946 கடைசியில் கப்பலில் ஊர் திரும்பியிருக்கிறார்.

ஊர் என்றால் எந்த ஊர்? கப்பலில் இருந்து இறங்கினவன் வேறு எங்கே போவான்? வீட்டுக்குத்தானே வருவான்? அப்போது எனக்கு இரண்டரை வயது. உனக்குப் பதினொன்று. உனக்கு நினைவு இருக்கும்.

வந்தாரா, வரவில்லையா? இதற்கு மட்டும் பதில் சொல். சொல்லாவிட்டால் பிக்குவுக்கே எழுதித் திதியை நிறுத்துவேன். உயிரோடு இருந்த ஆளுக்கு எத்தனை வருஷம் சோறு படைத்தோம் என்று தெரிந்தாக வேண்டும்.

தொமோகிச்சி


அவோமோரி
1993 மார்ச் 15

அன்புள்ள தொமோகிச்சிக்கு,

பனி உருகித் தெருவெல்லாம் சேறு. அம்மா தூங்குகிறாள், கடைக்கு இன்று விடுமுறை. இதை ஒரே மூச்சில் எழுதாவிட்டால் எழுதவே மாட்டேன்.

வந்தார்.

டிசம்பர் மாதம், மத்தியானம். அம்மா மீன் வாங்கப் போயிருந்தாள், சித்தப்பா துறைமுகத்தில். கதவை நான்தான் திறந்தேன். யாரோ பிச்சைக்காரன் என்று நினைத்தேன். அவர் "கினு" என்றார். அப்படி என்னைக் கூப்பிட்டது உலகத்தில் ஒருவர்தான்.

அம்மா சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு அப்போது எட்டு மாதம். இதில் நீ யாரையும் குறை சொல்ல முடியாது. செத்துப்போனான் என்று அரசாங்கமே எழுதிக்கொடுத்த பிறகு, தம்பிதான் அண்ணியையும் குழந்தைகளையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். நம் தெருவில் பாதி வீடுகளில் அப்படித்தான் நடந்தது. பிடிபட்டபோது அப்பா உண்மைப் பெயரைச் சொல்லியிருந்தால் உயிரோடு இருக்கிறார் என்று எப்படியாவது சேதி வந்திருக்கலாம். ஆனால் சரணடைந்தவன் குடும்பம் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. பிடிபட்டவர்கள் யாருமே சொந்தப் பெயரைச் சொல்லவில்லை. நம் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து அவரே தன்னைக் கொன்றுவிட்டார்.

தாத்தா வாசலுக்கு வந்தார். அரிவாளால் கீறினது மாதிரி அந்தப் பேச்சு என் காதில் இருக்கிறது.

"உனக்குக் காரியம் பண்ணியாச்சு. உன் தம்பியத்தான் அவ கட்டிக்கிட்டிருக்கா. அவங்க ரெண்டு பேரும் தூக்குல தொங்கறதப் பாக்கணும்னா உள்ள வா."

அப்பா குனிந்து வணங்கிவிட்டுப் போய்விட்டார். நான் செருப்பில்லாமல் ரயில் நிலையம் வரைக்கும் ஓடினேன். "நீ என்னைப் பாக்கல. யாராவது கேட்டா அரிசி கேட்டு வந்தவன்னு சொல்லு, என்ன?" என்றார். சரி என்றேன். பதினொரு வயதில் சொன்ன அந்தச் சரியை இன்றைக்குத்தான் உடைக்கிறேன்.

அப்புறம் பதினைந்து வருஷம் ஒன்றுமில்லை. முடிதிருத்தும் போட்டியில் எனக்கு மூன்றாம் பரிசு கிடைத்துப் பத்திரிகையில் பெயர் வந்ததே, அந்தப் புத்தாண்டுக்குக் கடைக்கு ஒரு வாழ்த்து அட்டை வந்தது. எழுத்து ஒன்றுமில்லை, அனுப்பியவர் முகவரி மட்டும். ஹகோதாத்தே, ஒகுதெரா தொமோகிச்சி. ரஷ்யாக்காரன் பிடித்துக்கொண்ட சகலின் தீவில் இருந்து ஓடிவந்தவன், காகிதமெல்லாம் போய்விட்டது என்று சொல்லி உன் பெயரிலேயே பதிவு செய்துகொண்டிருக்கிறார்.

எனக்குச் சாணை பிடிக்கும் கடை அவோமோரியிலேயே மூன்று இருக்கிறது தம்பி. முப்பத்தொரு வருஷமாக வசந்தத்திலும் குளிர் தொடக்கத்திலும் கடல் தாண்டிப் போய் அப்பாவுக்கு முடி வெட்டிவிட்டு வருகிறேன்.

எண்பத்திரண்டு வயது. கணவாய் மீன் உலர்த்தும் கூடத்தில் வேலை பார்த்து, இப்போது ஓர் அறையில் தனியாக இருக்கிறார். உயிரோடு இருக்கிறார்.

அம்மாவுக்கு எதுவும் தெரியாது. தெரிந்தால் தாங்க மாட்டாள். அதனால்தான் உன்னிடமும் சொல்லவில்லை. உன் வாய் அப்படி.

உன் கோபத்துக்குக் காத்திருக்கிறேன்.
அக்கா


ஒசாகா
1993 மார்ச் 22

நலமாக இருக்கிறீர்களா என்று கேட்கிற மனநிலையில் நான் இல்லை.

என் கல்யாணத்தில் ஒரு நாற்காலியைக் காலியாகப் போட்டு அப்பா படத்தை வைத்தோம். அந்தப் படத்துக்கு முன்னால் சாக்கே மதுக் கிண்ணம் வைத்தவள் நீ. அழுதவளும் நீ. நான் உன்னைத் தேற்றினேன். அந்த நேரத்தில் அவர் ஹகோதாத்தேயில் கணவாய் மீன் காயப் போட்டுக்கொண்டிருந்தார்!

என் மகள் பிறந்தபோது மாடத்தின் முன் உட்கார்ந்து, "அப்பா, உங்களுக்குப் பேத்தி" என்று சத்தமாகச் சொன்னேன். பக்கத்தில் கைகூப்பி உட்கார்ந்திருந்தாய். எப்படி முடிந்தது உன்னால்? நான் யாருடைய காதில் சொல்லிக்கொண்டிருந்தேன்?

கொஞ்ச நாளைக்கு எழுத வேண்டாம்.

தொமோகிச்சி


அவோமோரி
1993 மே 11

அன்புள்ள தம்பிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். ஏழு வாரம் எழுதவில்லை. இனி தாங்காது.

உன் மகளுக்குத் தேர்வு முடிந்திருக்கும், நன்றாக எழுதினாளா? இங்கே செர்ரி மரங்கள் பூத்து முடிந்தன. நான் நலமில்லை. இரண்டு நாளாகக் கடையைத் திறக்கவில்லை.

நீ அனுப்பிய படத்தை நான் கிழிக்கவில்லை. கிழிக்க முடியுமா? மாடத்தின் இழுப்பறையில் ஊதுபத்திக் கட்டுக்குக் கீழே வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வாடிக்கையாளரை அனுப்பிவிட்டு உள்ளே வந்தால், அம்மா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அம்மா திரும்பாமலே சொன்னாள்: "இதுல பரவால்ல. வீட்டுக்கு வந்தன்னிக்கு இன்னும் மெலிஞ்சிருந்தாரு."

அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நீ மீன் வாங்கத்தானே போயிருந்த?" என்று கேட்டேன்.

"புயல் அன்னிக்கு. எந்த மடையன் மீன் விப்பான்? பாதியிலயே திரும்பிட்டேன். பின்வாசல் வழியா வந்து கதவுக்குப் பின்னால நின்னேன். உள்ள விட வேணாம்னு மாமனார் கையப் புடிச்சுச் சொன்னதே நான்தான். அவரு மனசு கரைஞ்சு, வரட்டுமேன்னாரு. நான்தான் வேணாம்னேன்."

இத்தனை வருஷம் தாத்தாவை நான் மனதுக்குள் வைத வசவுகளை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

ஏன் என்று கத்தினேன். அம்மாவிடம் நான் கத்தியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"உள்ள வந்தா ரெண்டு பேர்ல ஒருத்தன் சாவான். இருக்கறவன் உங்க ரெண்டு பேருக்கும் சோறு போட்டுட்டிருந்தான். போனவரு ஏற்கெனவே செத்தவரு. அவருதான் போகணும். கணக்கு சரிதான். ஆனா ஒரு நாளாவது எனக்குத் தூக்கம் வந்துச்சான்னு கேளு."

அழவில்லை அவள். அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னதுதான் என்னைக் கொன்றுவிட்டது.

"ஊரெல்லாம் சாணைக்கடை இருக்கறப்ப ஹகோதாத்தே போய்ச் சாணை புடிக்கிற நாவிதச்சி ஜப்பான்லயே நீ ஒருத்திதான்டி. நான் வேலயத்தவளா உனக்கு வருஷம் ரெண்டு ஜாடி ஊறுகா கட்டிக் குடுக்கறேன்? உப்பு கம்மியாப் போட்டது அவருக்குத்தான். உனக்குத்தான் அது புடிக்காதே."

அம்மாவிடம் இருந்து காப்பாற்றுகிறேன் என்று நினைத்து நான் மறைத்துவைத்தேன். என்னிடம் இருந்து மறைத்து அவள் முப்பத்தொரு வருஷம் அவருக்குச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள அனுப்பியிருக்கிறாள். அப்பா ஒவ்வொரு முறையும் ஜாடியை இரண்டு கையாலும் வாங்கி, ஒன்றும் கேட்காமல் அலமாரியில் வைப்பார். அவருக்கும் தெரிந்திருக்கிறது. மூன்று பேரில் நான் ஒருத்திதான் முட்டாள்.

திதியை அம்மாவே பிக்குவிடம் சொல்லி நிறுத்திவிட்டாள். "உறவுக்காரங்களுக்கு வசதிப்படல" என்று மட்டும் சொன்னாள். அவரைப் பார்க்க வருகிறாயா என்று கேட்டதற்கு, "எந்த முகத்த வெச்சிக்கிட்டு?" என்றாள். ஆனால் உன்னைப் போகச் சொல்கிறாள். அவருடைய முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். நீ சுட்டதையும் உனக்குத் தெரிந்துவிட்டதையும் சொல்லி நான் ஏற்கெனவே அவருக்கு எழுதிவிட்டேன்.

என்னை மன்னிப்பது உன் இஷ்டம். அவருக்கு எண்பத்திரண்டு. அதை மட்டும் நினைத்துக்கொள்.

அக்கா


ஒசாகா
1993 ஜூன் 20

மதிப்பிற்குரிய உங்களுக்கு,

இங்கே மழைக்காலம் தொடங்கிவிட்டது. அங்கே வடக்கில் மழைக்காலம் கிடையாது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். உங்கள் உடல்நலம் எப்படி இருக்கிறது? நாங்கள் நலம்.

இதை ஒன்பது தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். உங்களை எப்படி அழைப்பது என்பதிலேயே நின்றுபோகிறது. மாடத்தின் முன்னால் தினமும் கூப்பிட்ட வார்த்தை, காகிதத்தில் வர மறுக்கிறது. உறையில் பெறுநர் இடத்தில் தொமோகிச்சி, அனுப்புநர் இடத்திலும் தொமோகிச்சி. தபால் நிலையத்துப் பெண், "சார், உங்களுக்கே அனுப்பறீங்களா?" என்று கேட்கத்தான் போகிறாள்.

உங்களுடைய துப்பாக்கியை நான் சுட்டேன். தெரியாமல் செய்தது. ஐந்து தடவை. விளையாட்டாகச் செய்தேன். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

உங்கள்மேல் எனக்குக் கோபமா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டு விஷயம் மட்டும் கேட்க வேண்டும். சாமந்தியை ஏன் சுரண்டினீர்கள்? ஆயிரம் பெயர் இருக்க, ஏன் என் பெயரை எடுத்துக்கொண்டீர்கள்?

திதிக்கென்று ஆகஸ்ட் பத்தாம் தேதி லீவு வாங்கியிருந்தேன். அதை ரத்து செய்யவில்லை. அன்றைக்கு வந்தால் உங்களுக்குத் தொந்தரவாக இருக்குமா?

சவகுச்சி தொமோகிச்சி


ஹகோதாத்தே
1993 ஜூலை 19

தொமோகிச்சி அவர்களுக்கு,

கணவாய்ப் படகுகள் கிளம்பத் தொடங்கிவிட்டன. எனக்கு வசந்தத்தில் இருந்த இருமல் குறைந்துவிட்டது. தங்கள் மனைவியும் மகளும் நலம் என்று கினுவே மூலம் அறிந்து மகிழ்ச்சி. மரியாதை போட்டு எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒருமையில் எழுதும் உரிமையை நான் சம்பாதிக்கவில்லை.

துப்பாக்கிக்காக மன்னிப்புக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அது யாரையும் நோகடிக்காத இடத்தில் இருக்கிறது என்று தெரிந்ததில் எனக்கு நிம்மதி.

சாமந்தியை பக்தியால் சுரண்டினேன் என்று அந்தத் தீவுக்காரர் நினைத்திருப்பார். இல்லை. பயத்தால் சுரண்டினேன். பேரரசரின் பொருளை எதிரி கையில் கொடுத்தவனுக்கு ஊரில் என்ன நடக்கும் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். பூ போய்விட்டால் அது வெறும் இரும்புதானே என்று எண்ணினேன். நான் ஊருக்கு வர விரும்பினேன். எவ்வளவு அவமானமாக இருந்தாலும் வர விரும்பினேன்.

பெயர் விஷயம். முகாமில் எழுத்தர் கேட்டபோது, எந்தப் பெயரைச் சொன்னாலும் அந்தப் பெயர் உள்ள ஒருவனுடைய குடும்பம் தலைகுனியும் என்று தோன்றியது. உயிரோடு யாருக்கும் இல்லாத பெயர் எனக்குத் தெரிந்து ஒன்றுதான் இருந்தது. குழந்தை பிறந்த சேதி எனக்கு வரவே இல்லை. ஆணா பெண்ணா, பிழைத்ததா, எதுவும் தெரியாது. அதனால் அது இன்னும் யாரும் உடுத்தாத சட்டை மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். அதோடு, அந்தப் பெயரை யாராவது தினமும் சொல்லிக் கேட்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டு வருஷம் காலையும் மாலையும் அந்தப் பெயரை வாசித்தார்கள். காலையும் மாலையும் "இருக்கேன்" என்றேன்.

கினுவே தங்களுக்கு எழுதிய கதையில் ஒன்று விட்டுப்போயிருக்கும். அவள் எனக்குப் பின்னால் ஓடிவரச் செருப்பு கிடைக்காமல் தேடிக்கொண்டிருந்தபோது நடந்தது. நான் என் அப்பாவை வணங்கிவிட்டுத் திரும்பினேன். உள்ளே இருந்து ஒரு குழந்தை தடதடவென்று வாசலுக்கு ஓடிவந்தது. அப்பா என்னைப் பார்த்தபடியே, "தொமோகிச்சி!" என்று அதட்டினார்.

நான் விறைப்பாக நின்று, உரக்க, "இருக்கேன்" என்றேன்.

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. குழந்தை என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தது. அப்போதுதான் எனக்கு மகன் பிறந்திருக்கிறான் என்று தெரிந்தது. "குளிருது, உள்ள போ" என்று அப்பா குழந்தையைத் தூக்கிக்கொண்டார். நான் படியிறங்கினேன்.

தங்கள் பெயரைக் கேட்காமல் எடுத்துக்கொண்டதற்கு என்னை மன்னிக்க வேண்டும்.

ஆகஸ்ட் பத்தாம் தேதி வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். வாருங்கள். வீட்டில்தான் இருப்பேன்.

இங்கே மாலையில் கடற்காற்று குளிரும், மேல்சட்டை எடுத்து வரவும்.

சவகுச்சி செய்ஜிரோ

இந்தப் பெயரை எழுதி நாற்பத்தொன்பது வருஷம் ஆகிறது. எழுத்து சரியாக இருக்கிறதா என்று வரும்போது பார்த்துச் சொல்லவும்.